கூழ்ப் பானையும் பிரசவ விடுதியும்: நன்றிப் பரிசு எப்படி இயங்குகிறது?

காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழைத் தனியாளுக்கு என்று யாரும் காய்ச்சுவதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணையில் ஒரு வீட்டு முற்றத்தில் கூழ்ப் பானை ஏறினால் அயலுக்கும் அதில் பங்குண்டு. நண்டும் இறாலும் கொண்டுவந்தவர் ஒருவர், மரவள்ளிக் கிழங்கு உரித்தவர் இன்னொருவர், பலாக்கொட்டை துப்புரவாக்கியவர் வேறொருவர், மாவைப் புளியில் கரைத்தவர் மற்றொருவர். கடைசியில் ஒருவர் அகப்பையைப் பிடித்துப் பனையோலைப் பிளாவில் வார்ப்பார். வார்த்தவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு எழும்பினால் மிச்சப் பேருக்கு எப்படி இருக்கும்?

பிள்ளைப்பேறு முடிந்து வீடு திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் நெஞ்சில் வைத்த தாதியின் முகம் மனதில் நிற்கிறது. 'அந்த மிஸ்ஸுக்கு ஏதாவது குடுக்கவேணும்' என்று அம்மம்மா சொல்கிறார். சேலையா, கேக்கா, கவரில் காசா என்று பேச்சுத் தொடங்குகிறது. நன்றி சொல்ல நினைப்பது நல்ல மனம். அந்த மனம் சரியான ஆட்களிடம், சரியான நேரத்தில், அவர்களுக்கு உதவும் வடிவில் போய்ச்சேர வேண்டும். கூழ் காய்ச்சும் ஒழுங்கிலேயே அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலாம் படி: பானையைச் சுற்றி யார் யார்?

சரவணையில் ஒரு பெண் கருவுற்றால் முதலில் வாசலுக்கு வருபவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் 'மிட்வைஃப்' என்றுதான் சொல்வோம். கர்ப்பிணித்தாய்ப் பதிவேட்டைத் திறந்து எழுதுபவர், கிளினிக் நாளை ஞாபகப்படுத்துபவர், வராதவரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பவர் அவர். இலங்கையில் இந்த முறை 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை அதற்கும் முன்பே, 1879இல், திறக்கப்பட்டிருந்தது. ஆனாலும் ஊர்ப் பெண்ணின் பிரசவத்தைப் பாதுகாப்பாக்கியதில், ஒழுங்கையால் நடந்துவந்த இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. 1930களில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை சில பத்துகளுக்குள் அடங்கியிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன.

வலி தொடங்கிய பிறகு வேறு கைகள் சேர்கின்றன. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அதில் வருபவர்களும் இந்தப் பானையைச் சுற்றி இருப்பவர்கள்தான். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையோ, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ, உள்ளே போனதும் வாசலில் தள்ளுவண்டி பிடிக்கும் சிற்றூழியர் இருக்கிறார். பதிவேட்டை வாங்குபவர் ஒருவர், குருதி மாதிரியைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் சேர்ப்பவர் இன்னொருவர். பிரசவ அறையில் நிற்கும் எல்லோரையும் 'மிஸ்' என்றே கூப்பிடுகிறோம். அவர்களில் தாதிய உத்தியோகத்தரும் இருப்பார், வைத்தியசாலைக் குடும்பநல உத்தியோகத்தரும் இருப்பார். இரண்டும் வெவ்வேறு தொழில், வெவ்வேறு பயிற்சி. சிக்கலில்லாத பிரசவத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துபவர் பெரும்பாலும் இரண்டாமவர். பிரசவம் முடிந்ததும் இரத்தம் படிந்த நிலத்தைக் கழுவித் துடைத்துக் கட்டிலை அடுத்த தாய்க்கு ஆயத்தமாக்குபவரின் பெயரை யாரும் கேட்டுவைப்பதில்லை.

இனி நேரக் கணக்கு. அரச வைத்தியசாலைகளில் தாதியர் முறை பொதுவாகக் காலை 7 மணியிலிருந்து பகல் 1 மணி வரை, 1 மணியிலிருந்து மாலை 7 மணி வரை, 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை என்று மாறும். தலைப்பிள்ளைக்கு வலி பன்னிரண்டு மணித்தியாலம் நீடிப்பது சாதாரணம். காலை பத்து மணிக்கு வலி தொடங்கி இரவு பத்து மணிக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று முறைக்காரர்கள் அந்தத் தாயைப் பார்த்திருக்கிறார்கள். காலையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக் குறித்தவர், பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். பரிசைக் கடைசி ஆளுக்கு மட்டும் கொடுத்தால் விடுபடுவது இவர்கள் எல்லோரும்தான்.

ஆகவே முதல் வேலை பெயர் குறித்துக்கொள்வது. தாய்க்கு அந்த நேரத்தில் முடியாது. கூடப் போகும் அம்மாவோ, அக்காவோ, கணவரோ கைத்தொலைபேசியில் பெயரையும் முறையையும் குறித்துவைத்தால் போதும். பின்னால் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தக் குறிப்புத்தான் அடித்தளம்.

இரண்டாம் படி: மாவை ஊறவிட்டுக் கசப்பை எடுத்தல்

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்து மேலே நிற்கும் நீரை ஊற்றிவிட்டுத்தான் பாவிக்கவேண்டும். அவசரத்தில் அப்படியே கரைத்து ஊற்றினால் எவ்வளவு நண்டு போட்டாலும் கூழ் தேறாது.

நன்றியிலும் அப்படியொரு கசப்பு கலந்திருக்கலாம். 'முதலே ஏதாவது குடுத்தால் வடிவாப் பார்ப்பினம்' என்ற எண்ணம் அது. யாரும் கெட்ட மனத்தோடு அப்படி நினைப்பதில்லை. மகளின் வலியைக் கண்ட பயம் அப்படி நினைக்கவைக்கிறது. ஆனால் பிரசவத்துக்கு முன் கைமாறும் எந்தப் பொருளும் நன்றியாகாது, அது கட்டணமாகிவிடும். அரச வைத்தியசாலையில் கட்டணம் கிடையாது. இலவச மருத்துவம் இந்த நாட்டு ஏழை எளியவருக்குக் கிடைத்த பெரிய உரிமை. அந்த உரிமையில் முதல் ஓட்டை விழுவது அன்பாகக் கொடுக்கப்படும் ஒரு கவரால்தான்.

சட்டமும் இதில் தெளிவாக நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச ஊழியர் தம் கடமைக்காகக் கைப்பொருள் வாங்குவதும் குற்றம், அவருக்குக் கொடுப்பதும் குற்றம். கவரில் காசு வைத்துக் கொடுப்பவர் ஒரு நல்ல தாதியின் வேலைக்கே ஆபத்தைக் கொண்டுபோய் வைக்கிறார். தங்கம், விலையுயர்ந்த சேலை, கைத்தொலைபேசி, கடைப் பற்றுச்சீட்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். அவர் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கசப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: 'இதை நான் கொடுக்காவிட்டால் யாருக்காவது பாதகமா, கொடுத்தால் யாருக்காவது கூடுதல் சலுகையா?' இரண்டுக்கும் 'இல்லை' என்று விடை வந்தால் மா ஊறிவிட்டது.

மூன்றாம் படி: போடும் வரிசை

கூழில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவதில்லை. வேக நேரம் எடுக்கும் பலாக்கொட்டையும் அரிசியும் முதலில், பயற்றங்காயும் மரவள்ளியும் அடுத்து, மீனும் நண்டும் இறாலும் பிறகு, கரைத்த மா கடைசியில். நன்றிக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு.

பிரசவத்துக்கு முன் எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி பதிவேட்டையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் ஒழுங்காகக் கொண்டுபோவது, சொன்ன நேரத்துக்கு வெளியே நிற்பது, உள்ளே வேலை செய்பவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடாமல் இருப்பது.

பிள்ளை பிறந்ததும் வாய்ச்சொல். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'மிஸ், அந்த நேரம் நீங்கள் பக்கத்தில நிண்டது பெரிய தைரியமாயிருந்தது' என்று ஒரு தாய் சொன்னால் அது உடனடியாகப் போய்ச்சேரும். பொதுவாக 'நன்றி' என்பதைவிட என்ன செய்தார் என்று எடுத்துச் சொல்வதற்கு நிறை கூட.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில், எல்லோரும் பகிர்ந்து சாப்பிடக்கூடிய சிறு உணவுப் பொருள். கடமை முடிந்துவிட்ட பிறகு கொடுப்பதாலும், ஒருவருக்கு என்றில்லாமல் முழு விடுதிக்கும் போவதாலும், விலை சிறிதாக இருப்பதாலும் அது பொதுவாகச் சங்கடம் தராது. ஆனாலும் அந்த வைத்தியசாலையின் வழக்கம் என்னவென்று விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் முதலில் கேட்பதுதான் முறை.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழிந்து வீடு சற்று ஆறிய பிறகு, கடிதமும் விடுதிக்கான பொருளும். நாள் பார்த்துச் செய்ய விரும்புபவர்களுக்கு மே மாதம் பொருத்தம். மே 5 சர்வதேச மருத்துவிச்சிகள் தினம். மே 12 சர்வதேச தாதியர் தினம்.

நான்காம் படி: என்ன போடலாம்?

பரிசைத் தெரிவுசெய்ய, அவர்கள் நிற்கும் இடத்தையும் அவர்களின் உடம்பையும் நினைக்கவேண்டும். அவர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள், கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள், எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், சாப்பிட நேரம் குறித்து வைக்கமுடியாது. இந்த நான்கிலிருந்தும் நல்ல பரிசுகள் தாமாகவே வருகின்றன.

முதலில் பசி. ஒரு கையால் எடுத்து இரண்டு வாயில் முடிக்கக்கூடியது, சாறு வழியாதது, குளிரூட்டி இல்லாமல் கிடக்கக்கூடியது வேண்டும். கிறீம் கேக் கொண்டுபோனால் கத்தி தேடவேண்டும், தட்டுத் தேடவேண்டும், எங்கள் வெயிலுக்கு அரைநாள் தாங்காது. பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, முறுக்கு, பிஸ்கற், கதலி வாழைப்பழம் எல்லாம் இரவு முறைக்காரருக்கும் மிஞ்சியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிரசவம் முடித்துவிட்டு வருபவருக்குத் தேயிலைப் பைகளும் சீனியும் பனங்கட்டியும் பெரிய ஆறுதல்.

உணவில் மூன்று கவனம் வேண்டும். ஒன்று, விடுதியில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் தாதியர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள், நல்லூர்த் திருவிழாக் காலமும் கந்தசஷ்டியும் விரதம் பிடிப்பவர்கள் பலர். கூழ் நாளில் சைவக்காரருக்குத் தனிப் பானை வைப்பதுபோல, முட்டையும் மச்சமும் இல்லாததைத் தெரிந்தெடுத்தால் யாரும் ஒதுங்கவேண்டி வராது. இரண்டு, துடக்கு (பிள்ளை பிறந்த தீட்டு) பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் செய்த பலகாரத்தை முப்பத்தொன்றுக்கு முன் அவர்கள் சாப்பிடத் தயங்கலாம். கடையில் பொதி செய்தது என்றால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. மூன்று, கச்சான், எள்ளு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள். பொதியின் மேல் சேர்மானம் எழுதியிருப்பது நல்லது.

அடுத்து கை. ஒவ்வொரு தாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவவேண்டும். சவர்க்காரமும் மதுசார நீர்மமும் பட்டுத் தோல் வறண்டு வெடிக்கிறது. வாசனை இல்லாத கைக் கிறீம் ஓய்வறையில் ஒரு பெரிய போத்தல் இருந்தால் எல்லோருக்கும் உதவும். மோதிரம், காப்பு, நகப்பூச்சு கடமை நேரத்தில் அவர்களுக்கு ஆகாது. வெட்டுப்பூக்களையும் கடும் வாசனைத் திரவியத்தையும் பிறந்த பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல் விடுவதே நல்லது.

மூன்றாவது எழுத்து. தாயின் நாடி, குருதி அமுக்கம், பிள்ளையின் இதயத் துடிப்பு, வலி வரும் இடைவெளி என்று பிரசவத்தின் போக்கு முழுவதும் தாளில் ஏறுகிறது. நல்ல பேனை ஒரு பெட்டி மலிவான பொருள்தான், ஆனால் மூன்று முறைக்காரரும் நாள்தோறும் பாவிப்பார்கள்.

நான்காவது நிற்பது. ஓய்வறைக்குக் கதிரை, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில், நொடிமுள் உள்ள சுவர்க் கடிகாரம் போன்றவை பெரிய பொருட்கள். இவற்றை ஆளிடம் கொடுக்கக்கூடாது. வைத்தியசாலை அபிவிருத்திக் குழு அல்லது நிர்வாகத்தின் ஊடாக, என்ன தேவை என்று எழுத்தில் கேட்டு, கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிச் செய்யவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தும் பாவனைப் பொருட்களும் தட்டுப்பட்டபோது புலம்பெயர்ந்த ஊரவர்கள் பலர் வைத்தியசாலைகளுக்குக் கைகொடுத்தார்கள். தேவையைக் கேட்டு அனுப்பிய பொருளே பாவனைக்கு வரும்.

பானைக்குள் விழவே கூடாதது ஒன்றுண்டு: குழந்தைப் பால்மா, பால்போத்தல், சூப்பி. வசதியில்லாத தாய்மாருக்கு உதவும் என்று நினைத்துச் சிலர் விடுதிக்கு வாங்கிக் கொடுக்க முற்படுவார்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விளம்பரப்படுத்துவதற்கு எதிரான உலக விதிக்கோவை 1981இல் வந்தது. இலங்கை 1983இலேயே தனக்கான விதிக்கோவையை வகுத்தது. தாய்ப்பால் ஊட்டப் பழக்குவதற்காகத் தாதியர் இராப்பகலாக உழைக்கும் இடம் அது. அந்த உழைப்புக்கு எதிரான பொருள் அவர்களுக்கான நன்றியாகாது.

ஐந்தாம் படி: பிளாவில் வார்த்தல்

நல்ல கூழையும் வார்க்கத் தெரியாமல் கெடுக்கலாம். முதல் நான்கு பேருக்கு நண்டும், பின்னால் வந்தவருக்கு வெறும் தண்ணியும் போகக்கூடாது.

உணவுப் பொதியை மூன்றாகப் பிரித்து 'காலை', 'மாலை', 'இரவு' என்று எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும் நேரத்தில் கடமையிலிருப்பவர் எல்லாவற்றையும் தாங்களே எடுத்துக்கொண்ட சங்கடம் இருக்காது. அட்டையில் 'தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்கள், சிற்றூழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும்' என்று விரித்து எழுதுங்கள். 'ஊழியர்களுக்கு' என்று பொதுவாக எழுதினால் நிலம் துடைப்பவர் அதைத் தனக்கென்று எண்ணி எடுக்கமாட்டார்.

கொடுக்கும் இடம் சிஸ்டரின் மேசை. கட்டில்கள் நிரம்பிய விடுதியின் நடுவில் வைத்துக் கொடுக்கவே கூடாது. பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவிலிருந்து கடல் தாண்டி வந்த ஒரு தாய் இருக்கலாம். அவளின் கணவனுக்கு அன்று படகுக் காசும் பஸ் காசும் மட்டுமே இருந்திருக்கலாம். 'நாங்களும் ஏதாவது குடுக்கவேணுமோ' என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிட்டால், நாங்கள் கொடுத்த நன்றி அவள்மேல் ஒரு வரியாக விழுகிறது. தாதியரோடு படம் எடுத்து முகநூலில் போடுவதும் இதே தவறு. அவர்களின் சம்மதமும் மற்றத் தாய்மாரின் அந்தரங்கமும் அதில் போய்விடும்.

ஆறாம் படி: கடைசியில் சேரும் மா

பலாக்கொட்டையும் நண்டும் வெந்த பானை அதுவரை வெறும் சாறுதான். ஊறிய மாவைக் கரைத்து ஊற்றித் துழாவும்போதுதான் அது தடித்துக் கூழாகிறது. நன்றியில் அந்த மா, கடிதம்.

பலகாரம் அன்றோடு முடியும். கைக் கிறீம் ஒரு மாதம் வரும். பெயர் குறித்த கடிதம் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கோ மருத்துவ அத்தியட்சகருக்கோ போனால், அது ஒரு மனிதரின் வேலைக்கான எழுத்துச் சான்று. முறைப்பாடு எழுதத் தயங்காத நாங்கள் பாராட்டை வாயோடு விட்டுவிடுகிறோம். அதனால் கோவையில் குறைகள் மட்டும் சேர்கின்றன. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

'கடந்த மாதம் உங்கள் பிரசவ விடுதியில் எனக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பகல் முறையில் இருந்த தாதிய உத்தியோகத்தர் (பெயர்) ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு விளங்கச் சொன்னார். இரவு வலி கூடியபோது குடும்பநல உத்தியோகத்தர் (பெயர்) என் இடுப்பைத் தேய்த்து, மூச்சை எப்படி விடுவது என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கட்டில் துணியை இரண்டு தடவை முகம் சுழிக்காமல் மாற்றிய அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அன்றிரவு கடமையில் இருந்தவர் அவர். மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவியுங்கள்.'

பெயர், நேரம், செய்த காரியம் மூன்றும் இருக்கின்றன. புகழ்ச்சிச் சொற்கள் தேவைப்படவில்லை. பிரதி ஒன்றை விடுதி சிஸ்டருக்கும் கொடுத்தால் அது ஓய்வறைச் சுவரில் ஏறும்.

பிள்ளை தங்காமல் போன குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் யாரும் பரிசை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அந்த இரவில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தாதியை அவர்கள் மறப்பதில்லை. எப்போது மனம் இடம்கொடுக்கிறதோ அப்போது, ஆண்டு கடந்தாலும், இரண்டு வரி எழுதலாம். கடமை சரியாக நடக்காத இடத்தில் நன்றி எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. அங்கே எழுதவேண்டியது முறைப்பாடு.

வேறு ஊரில், அதே பானை

சரவணையின் பிள்ளைகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிள்ளை பெறுகிறார்கள். இடம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவை 2017இல் வகுத்த வழிகாட்டலின்படி காசையும் பற்றுச்சீட்டையும் ஊழியர் எப்போதும் மறுக்கவேண்டும். 50 பவுணுக்கு மேற்பட்ட பரிசைத் தமக்கென்று வாங்காமல் நிறுவனத்தின் சார்பில் மட்டும் ஏற்கலாம். அமெரிக்காவில் பற்றிக் பார்ன்ஸ் என்ற இளம் தந்தை 1999இல் நோயுற்று இறந்தபோது, அவரைப் பராமரித்த தாதியருக்கு நன்றியாக அவரின் குடும்பம் தொடங்கியதுதான் டெய்சி விருது. நோயாளரும் குடும்பத்தினரும் ஒரு தாதி என்ன செய்தார் என்று எழுதி அனுப்புவதே அந்த விருதின் மூலம். இன்று பல நாடுகளில் அது வழங்கப்படுகிறது. அங்கும் கடிதம்தான் மா.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் தங்கைக்குப் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் பெரிய பொதி அனுப்ப நினைப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம். முதலில் தங்கையிடம் பெயர்களைக் கேளுங்கள், கடிதத்தை எழுதுங்கள், பிறகு வைத்தியசாலையிடம் தேவையைக் கேளுங்கள்.

பெயர்ப் பட்டியலைத் தொடங்கும்போது, வைத்தியசாலை வாசலுக்கு முன்பே தொடங்குங்கள். கருவுற்றபோது முதலில் வந்த அதே குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவை படலையைத் திறந்து வருவார். பிள்ளையை நிறுத்துப் பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்பார். விடுதிக்குப் போகும் பலகாரப் பொதிகளில் ஒன்றுகூட அவரிடம் போவதில்லை. வேலணையில் அவரின் மேலதிகாரியான சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். செலவு ஒரு முத்திரைதான், அதை எந்தத் தாயாலும் கொடுக்கமுடியும். எல்லாத் தாய்மாராலும் கொடுக்கக்கூடிய நன்றியே இலவச வைத்தியசாலைக்குப் பொருத்தமான நன்றி.